ஒற்றைக் கண் வாத்தியார்

ஜப்பான் நாட்டின் மேற்குக் கடற்கரைப் பக்கம் மட்சுயே என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊருக்கு ஒரு புறம் பெரிய ஏரி. இன்னொரு புறம் பழைய கோட்டை. ரயில் அந்தக் காலத்தில் அங்கே எட்டிப் பார்க்கவில்லை.

1890-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி இந்த ஊருக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்து சேர்ந்தார். மலைகளைத் தாண்டி, நாள் கணக்கில் ரிக்ஷாவில் வந்திருந்தார். குள்ளமான மனிதர். இடது கண் வெள்ளை பூத்துப் போயிருந்தது. வலது கண் பிதுங்கி நின்றது. வயது 40. ஊரார் கூட்டம் கூட்டமாக வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

வந்தவர் பாதிரியார் அல்ல, வியாபாரியும் அல்ல. பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் வாத்தியார். பெயர் லாப்காடியோ ஹெர்ன்.

பிழைப்புக்காக வந்தவர், பிறகு ஜப்பானை விட்டுப் போகவே இல்லை. பெயரை மாற்றிக் கொண்டார். குடியுரிமையை மாற்றிக் கொண்டார். அந்த மண்ணிலேயே செத்தார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதைத் தெரிந்து கொள்ள, அவருடைய சின்ன வயதுக்குப் போக வேண்டும்.

தாயை இழந்த பிள்ளை

1850-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி, கிரேக்க நாட்டை ஒட்டிய லெப்கடா என்ற தீவில் ஹெர்ன் பிறந்தார். தீவின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். தகப்பனார் அயர்லாந்துக்காரர், பிரிட்டிஷ் பட்டாளத்தில் டாக்டர். தாயார் ரோசா கிரேக்கப் பெண்.

பிள்ளைக்கு 2 வயதானபோது தாயும் மகனும் அயர்லாந்தில் உள்ள டப்ளின் நகரத்துக்குப் போனார்கள். அந்த ஊர்ப் பாஷை ரோசாவுக்குத் தெரியாது. குளிர் ஒத்துக் கொள்ளவில்லை. புருஷனோ பட்டாளத்தோடு ஊர் ஊராகப் போய்க் கொண்டிருந்தார். 1854-ல் அந்த அம்மாள் பிள்ளையை விட்டுவிட்டு கிரேக்க நாட்டுக்குத் திரும்பி விட்டார். அதன் பிறகு தாயும் மகனும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. அப்போது பிள்ளைக்கு வயது 4.

தகப்பனார் 1857-ல் வேறு கல்யாணம் செய்து கொண்டார். புது மனைவியோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். செகந்திராபாத் பட்டாளத்தில் வேலை. 1866-ல் ஊர் திரும்பும் வழியில், சூயஸ் வளைகுடாவில் காய்ச்சலால் இறந்து போனார்.

பிள்ளையை ஒரு பெரிய பாட்டி வளர்த்தார். பணக்கார அம்மாள். இங்கிலாந்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அங்கே 16 வயதில், விளையாட்டு மைதானத்தில் கயிறு வந்து அடித்து இடது கண் போய் விட்டது. மற்றக் கண்ணிலும் பார்வை கம்மி. அன்று முதல் போட்டோ எடுத்தால், வலது பக்கம் மட்டும் தெரியும்படி முகத்தைத் திருப்பிக் கொள்வார். அல்லது கண்ணை மூடிக் கொள்வார்.

பட்ட காலிலே படும் என்பார்களே, அப்படி அடுத்த வருடமே பாட்டியின் சொத்து கடனில் மூழ்கியது. படிப்பு நின்றது. 1869-ல் பையனை அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றி விட்டார்கள்.

அச்சாபீசில் தூக்கம்

அமெரிக்காவில் சின்சினாட்டி நகரில் அவர் பட்டினி கிடந்தார். வாட்கின் என்ற அச்சாபீஸ்காரர் இரக்கப்பட்டு இடம் கொடுத்தார். வெட்டிப் போட்ட காகிதத் துண்டுகளின் மேல் பையன் படுத்துத் தூங்கினான். அங்கேயே தொழிலும் கற்றான். பிறகு பத்திரிகை நிருபர் ஆனான். கொலைச் செய்தி எழுதுவதில் பெயர் எடுத்தான்.

1874-ல் ஒரு நீக்ரோப் பெண்ணைக் கல்யாணம் செய்து கொண்டார். வெள்ளைக்காரன் கறுப்புப் பெண்ணைக் கட்டுவதை அந்த மாநிலத்துச் சட்டம் அப்போது தடுத்தது. பத்திரிகை அவரை வேலையை விட்டு நீக்கியது. கல்யாணமும் நிலைக்கவில்லை. 1877-ல் அவர் ஊரை விட்டே போய் விட்டார். அந்தப் பெண்ணை அப்படி விட்டுவிட்டுப் போனது சரி என்று சொல்வதற்கில்லை. தான் பிள்ளை வயதில் பட்டதையே இன்னொருவரைப் பட வைத்தார்.

அடுத்த பத்து ஆண்டுகள் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பத்திரிகை வேலை. பிறகு இரண்டு ஆண்டுகள் மார்டினிக் தீவு. 1890 ஏப்ரலில் ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்காகக் கட்டுரை எழுத ஜப்பானில் வந்து இறங்கினார். இறங்கிய கொஞ்ச நாளில் பத்திரிகையோடு சண்டை. ஒப்பந்தம் முறிந்தது. அவருக்கு முன்கோபம் அதிகம். எத்தனையோ சிநேகிதர்களை இதனால் இழந்திருக்கிறார்.

கையில் பணம் இல்லை. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இருந்த சேம்பர்லேன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் முயற்சி செய்து, மட்சுயேயில் வாத்தியார் வேலை வாங்கிக் கொடுத்தார். சம்பளம் மாதம் 100 யென். அந்தச் சின்ன ஊரில் இது பெரிய தொகை.

ஹெருன் சார்

அப்போது ஜப்பான் அவசரம் அவசரமாக மேல்நாட்டுப் படிப்பைக் கற்றுக் கொண்டிருந்தது. 1868-ல் பழைய ஆட்சி போய் மெய்ஜி மன்னரின் ஆட்சி வந்தது முதல், எல்லாத் துறைகளுக்கும் வெளிநாட்டு வாத்தியார்களைக் கூலி பேசி வரவழைத்தார்கள். வந்தவர்களில் பலர் ஜப்பானியரைக் கீழாகப் பார்த்தார்கள். சம்பளத்தை வாங்கிக் கொண்டு ஊருக்குப் போகும் நாளை எண்ணினார்கள்.

ஹெர்ன் வேறு மாதிரி. வந்த அன்றே ஜப்பானிய உடையை மாட்டிக் கொண்டு தரையில் உட்கார்ந்தார். குச்சியால் சாப்பிட்டார். காலையில் ஆற்றுப் பாலத்தருகே ஊரார் முகம் கழுவி, கை தட்டி, சூரியனைக் கும்பிடுவதைக் கேட்டு ரசித்தார். இஜுமோ என்ற புகழ் பெற்ற கோயிலுக்குள்ளே, கருவறைப் பக்கம் வரை அவரைக் கூப்பிட்டுப் போனார்கள். வெள்ளைக்காரர்களில் அங்கே முதலில் அனுமதி பெற்றவர் அவர்தான்.

சாப்பாட்டில் மட்டும் தோற்றுப் போனார். பத்து மாதம் மீனும் சோறும் கீரையுமாகத் தள்ளினார். உடம்பு தாங்கவில்லை. பிறகு மாட்டு இறைச்சிக்கும் கோழிக்கும் திரும்பி விட்டார். இதை மறைக்காமல் அவரே எழுதியிருக்கிறார்.

பள்ளிக்கூடத்து உத்தரவில் அவர் பெயரை ஹெருன் என்று எழுதி விட்டார்கள். ஊராரும் ஹெருன் சார் என்றே கூப்பிட்டார்கள். அவர் அதைத் திருத்தவில்லை.

அவருக்கு ஜப்பானிய பாஷை தெரியாது. பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் அரைகுறை. இந்த இடத்தில் கை கொடுத்தவர் நிஷிதா சென்டாரோ. அதே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த இளைஞர். நல்ல இங்கிலீஷ் தெரிந்தவர். வீடு பார்ப்பது முதல் வேலைக்காரர் அமர்த்துவது வரை எல்லாம் அவர் பொறுப்பு. வெளிநாட்டில் வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். இப்படி ஒரு மனிதர் கிடைத்தால் அந்த நாடே சொந்த ஊர் ஆகிவிடும்.

வகுப்பில் ஹெர்ன் இலக்கணத்தைப் போட்டு உருட்டவில்லை. மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொன்னார். அவர்களுக்குத் தெரிந்த விஷயமாகவே கொடுத்தார். நிலா, பூ, ஊர்ப் பழக்கம், சாமி. பிழை மலிந்த இங்கிலீஷில் அவர்கள் எழுதியதை வீட்டுக்குக் கொண்டு போய், முகத்தைக் காகிதத்தில் ஒட்டி வைத்துக் கொண்டு, ஒவ்வொரு வரியாகத் திருத்தினார். நல்ல கண் இருப்பவருக்கே அது வேதனையான வேலை.

ஒரு நாள், மனிதன் எதை நெடுங்காலம் மறப்பதில்லை என்று எழுதச் சொன்னார். துன்பத்தை விட இன்பம்தான் நெடுநாள் நினைவில் நிற்கும் என்று பையன்கள் எழுதினார்கள். ஒருவன் மட்டும் மாற்றி எழுதியிருந்தான். தனக்கு 4 வயதாக இருக்கும்போது தாய் இறந்து போனதாகவும், அது குளிர்காலம் என்றும், அன்று மரங்களில் காற்று வீசிய சத்தம் இன்னும் காதில் இருப்பதாகவும் எழுதியிருந்தான்.

திருத்திக் கொண்டிருந்த வாத்தியாரும் 4 வயதில் தாயைப் பறி கொடுத்தவர். அந்தக் கட்டுரையைப் பத்திரமாக எடுத்து வைத்து, பிறகு தன் புத்தகத்தில் முழுவதும் வெளியிட்டார்.

முதுகில் வந்த மாணவன்

யொகோகி என்று ஒரு மாணவன். அதிகம் பேச மாட்டான். தச்சர் மகன். படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை. பையனுடைய புத்தியைப் பார்த்து ஒரு பணக்காரர் செலவை ஏற்றுக் கொண்டார்.

இவன் நோயில் விழுந்தான். பிழைக்க மாட்டான் என்று தெரிந்து விட்டது. ஒரு நாள் இரவு, பள்ளிக்கூடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். நல்ல குளிர். வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தார்கள். அவன் கேட்கவில்லை. ஓர் ஆள் அவனைக் குழந்தையைப் போல முதுகில் சுமந்து கொண்டு தெருத் தெருவாக நடந்து போனார். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. இருட்டில் தன் வகுப்பின் ஜன்னலைப் பையன் அண்ணாந்து பார்த்தான். நோயில் மறந்து போனதெல்லாம் இப்போது நினைவுக்கு வந்து விட்டது என்று சொல்லிச் சந்தோஷப்பட்டான். பிறகு வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். சில நாளில் இறந்து விட்டான்.

அந்தப் பள்ளிக்கூடம் அப்படி என்ன கொடுத்து விட்டது என்று நமக்குத் தோன்றலாம். வீட்டில் முதன் முதலாகப் படித்தவர்களுக்கு இது புரியும். தச்சர் மகனுக்கு அந்த ஜன்னல் வெறும் ஜன்னல் அல்ல.

மாணவர்கள் லீவு நாளில் ஹெர்ன் வீட்டுக்கு வருவார்கள். வாசலில் செருப்பைக் கழற்றி, தரையில் நெற்றி படும்படி வணங்கி உட்காருவார்கள். தங்கள் வீட்டில் பரம்பரையாக வைத்திருக்கும் பழைய பொருள்களைக் காட்டுவதற்காகத் துணியில் சுற்றிக் கொண்டு வருவார்கள். சில பேர் ஒன்றும் பேசாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்து விட்டுப் போவார்கள்.

முதலில் அவர் ஒரு சத்திரத்தில் தங்கினார். அங்கே வேலை செய்த சின்னப் பெண்ணுக்குக் கண் நோய். வைத்தியம் பார்க்கச் சொன்னார். சத்திரக்காரர் இன்று நாளை என்று கடத்தினார். ஹெர்னுக்குக் கோபம் பொங்கியது. சத்திரத்தை விட்டு வெளியேறி, தன் செலவிலேயே அந்தப் பெண்ணுக்கு வைத்தியம் பார்த்தார். கண் போனவருக்குத்தானே கண்ணின் அருமை தெரியும்!

செட்சு அம்மாள்

அந்தக் குளிர்காலத்தில் மட்சுயேயில் பனி கொட்டியது. காகிதக் கதவு போட்ட வீடு. ஹெர்ன் வாரக் கணக்கில் படுத்து விட்டார். வீட்டைக் கவனிக்க ஒரு பெண் தேவைப்பட்டது. 1891-ன் தொடக்கத்தில் கொய்சுமி செட்சு வந்து சேர்ந்தார்.

செட்சுவுக்கு அப்போது வயது 23. சாமுராய் வம்சம். புது ஆட்சியில் சாமுராய்களுக்கு மானியம் போய், அந்தக் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்திருந்தன. செட்சு தறியில் நெய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். முதல் கணவன் வறுமை தாங்காமல் ஓடிப் போயிருந்தான். வெள்ளைக்காரன் வீட்டுக்கு வேலைக்குப் போகிறாள் என்றால் ஊர் என்ன பேசும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் துணிந்து போனார். வேலைக்கு வந்தவர், வாழ்க்கைத் துணை ஆனார்.

இருவருக்கும் பொதுவான பாஷை கிடையாது. அதனால் புதிதாக ஒன்றை உண்டாக்கிக் கொண்டார்கள். வேற்றுமை உருபு இல்லை, காலம் இல்லை. வெறும் ஜப்பானியச் சொற்களை அடுக்கிப் போட்ட பாஷை. வேறு யாருக்கும் அது சரியாக விளங்காது. இந்தப் பாஷையில்தான் 13 வருடம் குடும்பம் நடந்தது, சண்டை நடந்தது, பிள்ளைகளைக் கண்டித்ததும் நடந்தது.

இரவில் விளக்கைச் சிறிதாக்கிவிட்டு, செட்சு பேய்க் கதை சொல்வார். புத்தகத்தைப் பார்த்துப் படிக்கக் கூடாது. சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும் என்பது ஹெர்ன் போட்ட உத்தரவு. கதை கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்துப் போகுமாம். சில இடங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வார். காது அறுபட்ட குருட்டுப் பாடகன் ஹோயிச்சியின் கதையை அவர் எழுதிய விதம் இப்படித்தான். 1904-ல் வெளிவந்த அந்தக் கதைப் புத்தகத்தின் பெயர் குவைதான். 1964-ல் அதைச் சினிமாவாகவும் எடுத்தார்கள்.

ஜப்பானியனான வெள்ளைக்காரர்

மட்சுயேயில் இருந்தது ஒரு வருடமும் சில மாதங்களும்தான். குளிர் தாங்காமல், 1891 நவம்பரில் தெற்கே குமமோட்டோ என்ற ஊர்க் கல்லூரிக்குப் போனார். சம்பளம் 200 யென். புறப்படும்போது ஆசிரியர்கள் பூச்சாடிகளும், மாணவர்கள் ஒரு வாளும் பரிசு கொடுத்தார்கள். நீராவிப் படகு வரை திரண்டு வந்து வழி அனுப்பினார்கள்.

குமமோட்டோ அவருக்குப் பிடிக்கவில்லை. செங்கல் கட்டிடம், முறைப்பான மாணவர்கள். ஆனாலும் மூன்று வருடம் ஓட்டினார். செட்சுவைச் சேர்ந்த பெரியவர்களும் அவர் நிழலில் இருந்தார்கள். 1893 நவம்பரில் மூத்த மகன் கசுவோ பிறந்தான்.

பிள்ளை பிறந்ததும் கவலையும் பிறந்தது. பிரிட்டிஷ் சட்டப்படி கல்யாணத்தைப் பதிவு செய்தால், செட்சு ஜப்பான் குடியுரிமையை இழந்து சொந்த ஊரிலேயே அன்னியர் ஆகிவிடுவார். பதிவு செய்யாவிட்டால், ஹெர்ன் இறந்த பிறகு மனைவி மக்களுக்குச் சொத்தில் உரிமை நிச்சயம் இல்லை. ஒரே வழிதான் இருந்தது. அவர் ஜப்பானியர் ஆக வேண்டும்.

அதில் ஒரு கண்டம் இருந்தது. வெளிநாட்டு வாத்தியாருக்குச் சம்பளம் அதிகம். உள்நாட்டு வாத்தியாருக்கு மிகவும் குறைவு. குடியுரிமை மாறினால் சம்பளமும் குறையலாம். இதை எண்ணி அவர் தூக்கம் இழந்தார். கடைசியில் துணிந்து விட்டார். 1896 பிப்ரவரியில் மனைவியின் குடும்பத்தில் சுவீகாரம் போய், கொய்சுமி யகுமோ என்று பெயர் வைத்துக் கொண்டார். யகுமோ என்றால் எட்டு அடுக்கு மேகம் என்று பொருள். செட்சு பிறந்த இஜுமோ நாட்டைப் புலவர்கள் பாடும்போது வரும் அடைமொழி அது. தன் பிள்ளையை விட்டுப் போன தகப்பனாரின் வழியில் அவர் போகவில்லை.

அதே வருடம் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் வேலை கிடைத்தது. சம்பளத்தைக் குறைக்கவில்லை. குறிப்பு எதுவும் இல்லாமல், மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசுவார். மாணவர்கள் ஒரு சொல் விடாமல் எழுதிக் கொள்வார்கள். அவர் இறந்த பிறகு அந்த மாணவர்களின் நோட்டுகளைச் சேர்த்துத்தான் பாடங்களைப் புத்தகமாகப் போட்டார்கள். இடைவேளையில் மற்றப் பேராசிரியர்களோடு உட்கார மாட்டார். குளத்தங்கரையில் தனியாகப் புகை பிடித்துக் கொண்டு உலாவுவார்.

1903-ல் அந்த வேலை போயிற்று. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று கடிதம் வந்தது. மாணவர்கள் கொதித்து எழுந்தார்கள். பிறகு நிர்வாகம் இறங்கி வந்து, குறைந்த நேரம், குறைந்த சம்பளம் என்று பேசியது. அவர் ஒப்புக் கொள்ளவில்லை. அவர் இடத்துக்கு நட்சுமே சோசெகி வந்தார். லண்டனில் படித்துத் திரும்பியவர். பின்னால் ஜப்பானின் மிகப் பெரிய நாவலாசிரியர் ஆனவர். ஜப்பானியராகி விட்ட வெள்ளைக்காரரை அனுப்பி விட்டு, லண்டன் போய் வந்த ஜப்பானியரை இங்கிலீஷ் நடத்த அமர்த்தினார்கள். விதியின் விளையாட்டைப் பாருங்கள். ஆனால் ஹெர்னிடம் படித்த மாணவர்கள் புது வாத்தியாரை லேசில் ஏற்றுக் கொள்ளவில்லை. பாவம், சோசெகி மிகவும் சிரமப்பட்டார்.

வீட்டில் ஹெர்ன் தன் மகனுக்குத் தானே இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார். பழைய பத்திரிகைத் தாள்களின் மேல் பெரிய பெரிய எழுத்தாக எழுதிக் காட்டுவார். இந்தப் பாடத்தில் மட்டும் அவர் கண்டிப்பு அதிகம், அடியும் விழும். தன் ஆயுள் குறைவு, அதற்குள் பிள்ளைக்கு எல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரம்.

அந்தப் பயம் பொய்யாகவில்லை. 1904-ல் வாசேதா பல்கலைக்கழகத்தில் வேலை ஏற்றார். செப்டம்பர் மாதம் நெஞ்சு வலி வந்தது. தான் செத்தால் சில காசுக்கு ஒரு சின்ன ஜாடி வாங்கி, எலும்பை அதில் போட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத கோயிலில் புதைத்து விடும்படி செட்சுவிடம் சொன்னார். அழக் கூடாது, பிள்ளைகளோடு சீட்டு விளையாட வேண்டும் என்றும் சொன்னார். செப்டம்பர் 26-ந் தேதி இரவு மறுபடியும் வலி வந்து உயிர் பிரிந்தது. வயது 54. மூன்று மகன்கள், ஒரு வயதான பெண் குழந்தை.

டோக்கியோவில் ஜோஷிகயா இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தார்கள். சோசெகியின் சமாதியும் அதே இடத்தில்தான் இருக்கிறது. செட்சு அம்மாள் நான்கு பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கினார். கணவரைப் பற்றிய நினைவுகளைச் சொல்லி, 1914-ல் வெளியிட்டார். 1932-ல் காலமானார்.

மட்சுயேயில் அவர்கள் குடியிருந்த சாமுராய் வீட்டை இன்றும் பாதுகாத்து வருகிறார்கள். பக்கத்திலேயே ஒரு நினைவுக் கூடமும் இருக்கிறது. ஹெர்ன் சொல்லச் சொல்ல செட்சு இங்கிலீஷ் கற்றுக் கொண்ட நோட்டுகளும் மிஞ்சியிருக்கின்றன. காதில் விழுந்த இங்கிலீஷ் சொற்களை, விழுந்தபடியே, ஜப்பானிய எழுத்தில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்.